பெலா குட்மன்: தன் விலையைத் தெரிந்துவைத்திருந்த பயிற்சியாளர்

நண்பர்களே, வணக்கம்.

கால்பந்து ஆடி ஓய்ந்தவர்கள் பயிற்சியாளராவது புதிதல்ல. ஆனால் மொழி தெரியாத ஊருக்குப் போய், அங்கே ஒரு கிளப்பைத் தன் சொல்லுக்குக் கட்டுப்பட வைத்து, கோப்பையும் வாங்கிக் கொடுத்தவர்கள் குறைவு. அந்த வரிசையில் நான் முதலிடம் கொடுப்பது ஹங்கேரியரான பெலா குட்மனுக்கு. பத்துக்கும் மேற்பட்ட நாடுகளில் பயிற்சியாளராக இருந்தவர். பயிற்சியாளர் என்பது ஒரு தனித் தொழில், அதற்குத் தனி அதிகாரமும் கூலியும் உண்டு என்று மற்றவர்கள் உணர்வதற்கு வெகுகாலம் முன்பே அதற்காகச் சண்டை போட்டவர். அவரைப் பற்றிப் பேச வரும் ஒவ்வொரு முறையும் எனக்கு மனசு நிறைந்துபோகிறது.

1899இல் புடாபெஸ்டில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார். பெற்றோர் நடன ஆசிரியர்கள். அவர் ஆடியது அதே ஊரின் எம்.டி.கே. கிளப்பில். ஜிம்மி ஹோகன் என்ற ஆங்கிலேயப் பயிற்சியாளர், பந்தைத் தரையிலேயே வைத்து, குட்டிக் குட்டிப் பாஸ்களால் முன்னேறும் ஆட்டத்தை அங்கே ஊன்றிவிட்டுப் போயிருந்தார். குட்மன் அதில் வளர்ந்தவர். அப்புறம் வியன்னாவின் ஹாக்கோவா. முழுக்க யூத வீரர்கள் ஆடிய கிளப் அது. 1925இல் ஆஸ்திரிய லீக்கை வென்றார்கள். அடுத்த ஆண்டு அமெரிக்காவில் சுற்றுப்பயணம் போனபோது நியூயார்க்கின் போலோ கிரவுண்ட்ஸில் 46,000 பேர் கூடினார்கள். குட்மனும் இன்னும் சில வீரர்களும் அங்கேயே தங்கிவிட்டார்கள். ஆடிச் சம்பாதித்ததை அவர் முதலீடு செய்தார். 1929இன் பங்குச் சந்தைச் சரிவு அதையெல்லாம் அடித்துக்கொண்டு போனது.

ஆடுகளத்துக்கு வெளியிலும் அவர் வாயை மூடிக்கொண்டிருக்கவில்லை. 1924 பாரிஸ் ஒலிம்பிக்கில் ஹங்கேரி அணியைத் தங்கவைத்த விடுதி படுமோசம். கூட வந்த அதிகாரிகளுக்கோ கொண்டாட்டம். செத்த எலிகளைப் பிடித்து அதிகாரிகளின் அறைக் கதவுகளில் குட்மன் தொங்கவிட்டார் என்று சொல்வார்கள். அந்த ஹங்கேரி அணி எகிப்திடம் 3-0 என்று தோற்றது. உழைக்கிறவனை ஒரு மாதிரியும் மேற்பார்வை பார்க்கிறவனை ஒரு மாதிரியும் நடத்துவதை அவர் கடைசிவரை பொறுத்துக்கொள்ளவில்லை.

பிறகு பயிற்சியாளரானார். 1939இல் புடாபெஸ்டின் உய்பெஷ்ட் அணிக்கு ஹங்கேரி லீக்கையும், மத்திய ஐரோப்பாவின் பெரிய கோப்பையான மிட்ரோபாவையும் வென்று கொடுத்தார். அதோடு எல்லாம் நின்றது. போர்க்காலத்தில் அவர் எங்கே இருந்தார் என்பது பல ஆண்டுகள் சரியாகத் தெரியாமலே இருந்தது. சுவிட்சர்லாந்தில் பத்திரமாக இருந்தார் என்றுகூட எழுதினார்கள். உண்மையில் அவர் ஒளிந்து வாழ்ந்தார், பிறகு கட்டாய உழைப்பு முகாமில் மாட்டினார். 1944 டிசம்பரில், இன்னொரு பயிற்சியாளரான எர்னோ எர்ப்ஸ்டைனோடு அங்கிருந்து தப்பினார். அந்த எர்ப்ஸ்டைன்தான் பின்னாளில் இத்தாலியின் மகத்தான டோரினோ அணியை உருவாக்கி, 1949இல் அந்த அணியோடு சேர்ந்தே சுபெர்கா விமான விபத்தில் மாண்டவர். குட்மனின் தந்தையும் சகோதரியும் நாஜிகளால் கொல்லப்பட்டார்கள். இதைப் பற்றி அவர் வெளியில் பேசியதே இல்லை என்று சொல்லலாம். அடுத்து வந்த ஆண்டுகளில் சம்பள விஷயத்தில் அவர் காட்டிய கறாரைப் பேராசை என்று சொல்கிறவர்கள், இந்தப் பக்கத்தைப் படித்துவிட்டுச் சொல்லட்டும்.

போர் முடிந்த கையோடு ருமேனியாவில் வேலை பார்த்தார். ஊரில் பஞ்சம். சம்பளத்தைக் காய்கறியாகக் கொடுங்கள் என்று கேட்டு வாங்கினார்.

பிறகு புடாபெஸ்டின் கிஷ்பெஷ்ட் கிளப். அங்கே நட்சத்திர வீரர் ஃபெரென்க் புஷ்காஷ். ஓர் ஆட்டத்தில் முரட்டுத்தனமாக ஆடிய ஒரு டிஃபெண்டரை, இடைவேளைக்குப் பிறகு களமிறங்காதே என்றார் குட்மன். மாற்று ஆட்டக்காரர் கிடையாது; பத்துப் பேரோடுதான் ஆடியாக வேண்டும். புஷ்காஷ் அந்த வீரரைப் பார்த்து, நீ ஆடு என்றார். அவரும் ஆடினார். குட்மன் கத்தவில்லை. பார்வையாளர் மாடத்தில் போய் உட்கார்ந்து குதிரைப் பந்தயப் பத்திரிகையை விரித்தார். ஆட்டம் முடிந்ததும் டிராம் ஏறி வீட்டுக்குப் போனார். திரும்பி வரவே இல்லை.

இத்தாலியின் ஏ.சி. மிலான் இன்னொரு பாடம். 1955இல் லீக் பட்டியலில் முதலிடத்தில் இருந்தபோதே அவரை நீக்கினார்கள். அதற்குப் பிறகு தன் ஒப்பந்தங்களில், அணி முதலிடத்தில் இருக்கும்போது என்னை நீக்கக் கூடாது என்று ஒரு விதி சேர்த்துக்கொண்டதாகச் சொல்வார்கள். 1957இல் பிரேசில் போய் சாவ் பாலோ அணிக்கு மாநிலப் பட்டம் வாங்கிக் கொடுத்தார். 4-2-4 வியூகத்தை (தடுப்பில் நால்வர், நடுவில் இருவர், முன்வரிசையில் நால்வர்) பிரேசிலுக்குக் கொண்டுபோனவரே அவர்தான் என்று சிலர் எழுதுவதை நான் ஏற்கவில்லை. அங்கிருந்த பயிற்சியாளர்கள் ஏற்கெனவே அந்தத் திசையில்தான் போய்க்கொண்டிருந்தார்கள்.

சரி, போர்ச்சுகலுக்கு வருவோம். 1959இல் போர்ட்டோவுக்கு லீக் பட்டம், லிஸ்பனின் பென்ஃபிகா கிளப்பைக் கோல் வித்தியாசத்தில் முந்தி. பட்டம் வென்ற கையோடு அந்த பென்ஃபிகாவுக்கே மாறினார். மூத்த வீரர்கள் பலரை வெளியே அனுப்பிவிட்டு இளைஞர்களைக் கொண்டுவந்தார். மொசாம்பிக்கில் ஓர் அபூர்வமான பையன் ஆடுவதை அவருடைய பழைய பிரேசில் ஆட்டக்காரர் பவுவர் லிஸ்பனில் ஒரு முடிதிருத்தகத்தில் வைத்துச் சொன்னதாகக் கதை. அந்தப் பையன்தான் யூசேபியோ.

1961 மே 31, பெர்ன் நகரில், ஐரோப்பாவின் கிளப்புகள் மோதும் ஐரோப்பியக் கோப்பையின் இறுதிப் போட்டி. பார்சிலோனாவை 3-2 என்று பென்ஃபிகா வென்றது. யூசேபியோ அதில் ஆடவே இல்லை. அடுத்த ஆண்டு மே 2, ஆம்ஸ்டர்டாம், எதிரே ரியல் மாட்ரிட். அந்த அணியில் இருந்தவர் யார் தெரியுமா? அதே புஷ்காஷ். முதல் பாதியிலேயே மூன்று கோல் அடித்துவிட்டார். இடைவேளையில் மாட்ரிட் 3-2 என்று முன்னணி.

குட்மன் அப்போது செய்ததைக் கவனியுங்கள். கோல் அடிக்கிற புஷ்காஷை அவர் துரத்தச் சொல்லவில்லை. புஷ்காஷுக்குப் பந்து எங்கிருந்து வருகிறது என்று பார்த்தார். வருவது மாட்ரிட்டின் டி ஸ்டெஃபானோவிடமிருந்து. தன் வீரர் கவேமை அவரோடு ஒட்டிக்கொள்ளச் சொன்னார். பந்து வரத்து வற்றியது. பென்ஃபிகாவுக்குக் கொலுனா ஒரு கோல், யூசேபியோ இரண்டு. 5-3 என்று வெற்றி. ஆட்டம் முடிந்ததும் புஷ்காஷ் தன் சட்டையைக் கழற்றி யூசேபியோவுக்குக் கொடுத்தார்.

அடுத்தடுத்து இரண்டு ஐரோப்பியக் கோப்பைகள். குட்மன் கூடுதல் பணம் கேட்டார். ஒப்பந்தத்தில் அப்படி எதுவும் இல்லை என்றது நிர்வாகம். அவர் கிளம்பிவிட்டார். ஒரே இடத்தில் மூன்றாம் ஆண்டு ஆபத்தானது என்பது அவர் அடிக்கடி சொன்ன கருத்து. வீரர்கள் சலித்துப்போவார்கள், எதிரணிகள் படித்துவிடுவார்கள்.

போகும்போது, நூறு ஆண்டுகளுக்கு நீங்கள் ஐரோப்பியக் கோப்பை வெல்ல மாட்டீர்கள் என்று சாபமிட்டார் என்கிறார்கள். 1963, 1965, 1968, 1988, 1990 இறுதிப் போட்டிகளில் பென்ஃபிகா தோற்றது உண்மை. 1990இல் இறுதிப் போட்டி வியன்னாவில் நடந்தபோது, அங்கே அடக்கமாகியிருந்த குட்மனின் கல்லறையில் யூசேபியோவே போய்ப் பிரார்த்தித்தார். ஆனால் சாபமிட்டவராகச் சொல்லப்படுகிற மனிதர் 1965இல் அதே கிளப்புக்குத் திரும்பி வந்து ஒரு பருவம் வேலை பார்த்தார் என்பதை ஏன் யாரும் சொல்வதில்லை?

அந்தத் தோல்விகளைக் கால்பந்தாகப் பாருங்கள். 1963இல் கொலுனா அடிபட்டு நொண்டினார். 1965இல் ஆட்டம் நடந்தது எதிரணியான இன்டரின் சொந்த மைதானத்தில். கோல்கீப்பர் காயப்பட்டு வெளியேற, ஒரு டிஃபெண்டர் கோல்கீப்பராக நின்றார். 1968இல் கூடுதல் நேரத்தில் மான்செஸ்டர் யுனைடெட்டிடம் தோல்வி. 1988இல் பெனால்டி ஷூட்அவுட்டில். இன்னொன்று: 1963இல் பயிற்சியாளர் ரியேரா, 1965இல் ஷ்வார்ட்ஸ், 1968இல் ஒட்டோ குளோரியா. ஒவ்வொரு இறுதிப் போட்டிக்கும் வேறு வேறு ஆள். இரண்டு கோப்பைக்குக் கூடுதலாகக் கொஞ்சம் பணம் கொடுத்து ஒருவரைத் தக்கவைத்திருந்தால், ஆம்ஸ்டர்டாம் இடைவேளையில் யோசித்த அந்த மூளை 1963இல் வெம்ப்ளியில் நடந்த இறுதிப் போட்டியிலும் பென்ஃபிகா பக்கம்தான் உட்கார்ந்திருக்கும்.