பேஸ்போலில் வழி யாருக்குச் சொந்தம்?

[திரையில்: கல்லடிக் கடற்கரை. மணலில் கீறிய நான்கு பேஸ்கள்.]

வணக்கம். அமெரிக்க இயேசு சபைக் குருமாரால் மட்டக்களப்பில் கூடைப்பந்து வேரூன்றியது. பேஸ்போல் அப்படிப் பிடிக்கவில்லை. ஆனாலும் ஓடுபவரின் வழியை மறிப்பது பற்றி அதில் ஒரு விதி இருக்கிறது, கிரிக்கெட் ரசிகர்களைத் தலையைச் சொறிய வைக்கும்.

2013 ஒக்டோபர் 26, சென் லூயிஸ் நகர். அமெரிக்க பேஸ்போலின் இறுதித் தொடரான வேர்ல்ட் சீரிஸின் மூன்றாவது ஆட்டம், ஒன்பதாவது இன்னிங்ஸ், 4-4. பொஸ்டன் ரெட் சொக்ஸ் அணியின் கட்சர் (நம்ம விக்கெட் காப்பாளர் மாதிரி) மூன்றாம் பேஸுக்கு எறிந்த பந்து, பீல்டர் வில் மிடில்புரூக்ஸைத் தாண்டிப் போய்விட்டது. பாய்ந்தவர் தரையில் கிடக்கிறார். ஹோமுக்கு, அதாவது தொட்டால் ஓட்டம் கிடைக்கும் கடைசி பேஸுக்கு, ஓட எழும்பிய சென் லூயிஸ் கார்டினல்ஸ் ரன்னர் அலன் கிரெய்க் அவரில் தடுக்கி விழுகிறார். மறுபடி எழும்பி ஓடிவந்தால் பந்து முந்திவிட்டது, கட்சர் பந்தோடு தொட்டும்விட்டார். வழமையாக அது அவுட். நடுவரோ 'சேஃப்', அவுட் இல்லை என்றார். கார்டினல்ஸ் 5-4 வெற்றி.

[திரையில்: மணலில் ஒருவர் படுத்துக் காட்டுகிறார்.]

"அவர் வேணுமெண்டு மறிக்கலையே?" என்பீர்கள். கிரிக்கெட்டில் அது நியாயமான கேள்வி. அங்கே துடுப்பாட்டக்காரர் வேண்டுமென்றே களத்தடுப்பைக் குழப்பினால்தான் ஆட்டமிழப்பு. பேஸ்போல் இங்கே அதைக் கேட்பதேயில்லை. பந்து கையில் இல்லாமல், பந்தைப் பிடிக்கும் முயற்சியிலும் இல்லாமல் இருக்கும் பீல்டர் ரன்னரை மறித்தால் அது ஒப்ஸ்ட்ரக்சன், அதாவது மறிப்பு. பாயும்போது மிடில்புரூக்ஸுக்கு உரிமை இருந்தது. பந்து தாண்டியதும் அந்த உரிமை முடிந்தது. சும்மா கிடந்தாலும் மறிப்பு மறிப்புத்தான்.

சரி, ஆட்டத்தை அப்போதே ஏன் நிறுத்தவில்லை? மறிக்கப்பட்ட ரன்னரையே அவுட்டாக்கும் முயற்சி அந்த நேரம் நடந்துகொண்டிருந்தால் பந்து உடனே செத்துவிடும் (ஆட்டம் அங்கேயே நிற்கும்), அவருக்குக் குறைந்தது இன்னொரு பேஸ் கிடைக்கும். இல்லையென்றால் ஆட்டம் ஓடி முடியட்டும் என விடுவார்கள். அப்புறம், மறிப்பு நடந்திராவிட்டால் ரன்னர் எங்கே போயிருப்பார் என்று நடுவர் கணிப்பார். அன்று மூன்றாம் பேஸ் நடுவர் ஜிம் ஜோய்ஸ் மறிப்பை அறிவித்தார், ஹோமில் நின்ற டேனா டிமூத் 'சேஃப்' காட்டினார்.

[திரையில்: பந்து உருள்கிறது. பீல்டர் குனிகிறார். ரன்னர் எதிரே ஓடி வருகிறார்.]

இப்போது மறுபக்கம். அடித்த பந்தை எடுக்கப் போகும் பீல்டருக்கே வழி சொந்தம். ரன்னர்தான் விலக வேண்டும். தெரியாமல் மோதினாலும் இன்டர்பியரன்ஸ், அதாவது ரன்னரின் இடையூறு: ரன்னர் அவுட், பந்து செத்தது. ஒரே பந்துக்கு இரண்டு பீல்டர்கள் ஓடினால் அந்தப் பாதுகாப்பு ஒருவருக்குத்தான், அது யாருக்கு என்பதை நடுவர் தீர்மானிப்பார். மற்றவரில் ரன்னர் மோதினால் தீர்ப்பு அப்படியே தலைகீழாகி ஒப்ஸ்ட்ரக்சன் ஆகலாம். கண்ணிமைக்கும் நேரத்தில் இதைப் பிரிப்பதுதான், என்னைக் கேட்டால், இந்த விளையாட்டில் நடுவருக்குள்ள பெரிய சோதனை.

எறிந்த பந்து வேறு கதை. அது தற்செயலாக ரன்னரின் முதுகில் பட்டால் ஆட்டம் தொடரும், வேண்டுமென்றே தடுத்தால்தான் குற்றம்.

"விலக இடமில்லையே" என்றும் சொல்ல முடியாது. பந்தோடு வரும் பீல்டர் தொடாமல் தப்ப, ரன்னர் தன் பாதையிலிருந்து 3 அடிக்கு மேல் விலகினால் அவுட். ஆனால் அடித்த பந்தை எடுப்பவருக்கு வழிவிட்டு ஓடும்போது அந்த 3 அடிக் கட்டுப்பாடு கிடையாது. பின்பக்கமாக எவ்வளவும் வளைந்து ஓடலாம்.