முதலில் குண்டு, பிறகு தோட்டா, கடைசியில் ரைபிள்

(திரையில்: பனி விலகாத காலை. முள்மரங்களுக்கு நடுவே செம்மண் பாதை. பக்கி எனப்படும் சிறு சரக்கு வண்டியின் பின்தட்டில் உறையிலிட்ட ரைபிள் கிடக்கிறது.)

வணக்கம். தென்னாப்பிரிக்காவின் டர்பனிலிருந்து என்-2 நெடுஞ்சாலையில் வடக்கே ஏறத்தாழ நான்கு மணி நேரம் வண்டி ஓட்டினால், கடற்கரைக் கரும்புத் தோட்டங்கள் எல்லாம் பின்தங்கிப் போய், பொங்கோலாவைச் சுற்றியுள்ள முள்காட்டுப் பண்ணைகள் வந்துவிடும். குளிர்காலத்து வேட்டைப் பருவத்தில் நம்மவர் பலரும் அந்தப் பக்கம் போய் வருகிறார்கள். புரட்டாசி பிறந்து வீட்டில் அசைவம் நிற்பதற்குள் குடு மான் பில்டாங் (உப்பிட்டு உலர்த்தும் இறைச்சி) உலர்ந்து, தின்று தீர்ந்தும் போகிறது. பருவம் தொடங்குமுன் ஆண்டுதோறும் என்னிடம் வரும் கேள்வி ஒன்றுதான்: "அண்ணா, பெரிய மிருகத்துக்கு எந்த ரைபிள் வாங்கலாம்?" கேள்வி நியாயமானது, ஆனால் அது வாலிலிருந்து தொடங்குகிறது. மிருகத்தின் நெஞ்சுக்குள் போய் வேலை செய்வது குண்டு மட்டுமே என்பதால், நாம் அந்த நெஞ்சில் தொடங்கிக் குண்டுக்கும், குண்டிலிருந்து தோட்டாவுக்கும், தோட்டாவிலிருந்து ரைபிளுக்கும் பின்னோக்கி நடந்து வருவோம்.

(திரையில்: நெடுக்காக அறுத்த ஒரு தோட்டா. ஒவ்வொரு பாகமாக ஒளியூட்டப்படுகிறது.)

பேச்சு வழக்கில் குண்டையும் தோட்டாவையும் ஒன்றாகவே சொல்லிவிடுகிறோம். பித்தளைக் கூடு, அதன் அடியில் தீப்பொறி தரும் கேப், உள்ளே வெடிமருந்து, வாயில் செருகிய குண்டு ஆகிய நான்கும் சேர்ந்ததுதான் தோட்டா. விசையை இழுத்ததும் கூடு நம்மிடமே தங்கிவிடுகிறது. பறந்து போவது குண்டு மட்டும்.

இப்போது மிருகத்துக்கு வருவோம். ஒரு கிடா இம்பாலா ஏறத்தாழ 60 கிலோ. கிடா நியாலா 100 கிலோவைத் தாண்டும். நன்கு வளர்ந்த குடு 200 முதல் 270 கிலோ வரை. ஈலண்டு காளை 700 கிலோவையும் எட்டும். எடை இப்படி ஏறிக்கொண்டே போனாலும், குறி வைக்கும் இடம் எல்லாவற்றுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆப்பிரிக்க மான் இனங்களுக்கு இதயமும் நுரையீரலும் நாம் நினைப்பதைவிட முன்னால், தோள்களுக்கு இடையிலேயே, தாழ்வாக அமைந்திருக்கின்றன. மிருகம் பக்கவாட்டில் நிற்கும்போது முன்னங்காலின் கோட்டிலேயே கண்ணை மேலே ஓட்டி, உடலின் உயரத்தில் கீழிருந்து மூன்றில் ஒரு பங்கில் நிறுத்தினால் அதுதான் இடம். காலுக்குப் பின்னால் ஒரு சாண் தள்ளிப் போனால் நுரையீரலின் ஓரமோ, ஈரலோ, அதைவிட மோசமாக இரைப்பையோதான் கிடைக்கும். முன்னால் சுடுவது என்றால் தோள் எலும்பைச் சந்திக்க நேரும் என்பதும் இதிலேயே அடங்கியிருக்கிறது. நம் குண்டு அந்த எலும்பை உடைத்துக்கொண்டும் உள்ளே போக வேண்டும்.

(திரையில்: மேசைத் துணியின் மேல் மூன்று குண்டுகள். ஒன்று பூப்போல விரிந்து தண்டு நீண்டிருக்கிறது. ஒன்று சிதைந்த ஈயத்துண்டு. ஒன்று கீறல் தவிர வேறு மாற்றம் இல்லாமல் இருக்கிறது.)

இந்த மூன்றையும் சற்று அருகில் பாருங்கள். நடுவில் இருப்பது செம்பு உறைக்குள் ஈயம் ஊற்றிய சாதாரண மென்முனைக் குண்டு. நடுத்தர வேகத்தில், நடுத்தர மிருகத்தில் இது நன்றாகவே விரிந்து, விட்டத்தில் இரு மடங்காகி, அகலமான காயத்தை உண்டாக்கும். ஆனால் முள்காட்டில் மிருகம் பெரும்பாலும் 40, 50 மீட்டரில்தான் கண்ணில் படுகிறது. அவ்வளவு அருகில் குண்டின் வேகம் அதிகம் குறைந்திருக்காது. அந்த வேகத்தில் தோள் எலும்பில் மோதியபோது உறை ஒரு பக்கம், ஈயம் ஒரு பக்கமாகப் பிரிந்துபோன குண்டுதான் இது. இடது பக்கம் இருப்பது முழுவதும் செம்பாலான குண்டு. முனையிலுள்ள குழி திறந்து நான்கு இதழ்களாக மடங்குகிறது. பின்பகுதி அப்படியே இருப்பதால் எடை குறையாமல் ஆழமாகப் போகிறது. ஈயத் துகள் இறைச்சியில் கலக்காது என்பது குழந்தைகள் சாப்பிடும் வீட்டில் சிறிய விஷயம் அன்று. வெட்டிப் போட்ட குடலைத் தின்னும் கழுகுகள் ஈய நஞ்சால் இறக்கின்றன என்பதும் தெரிந்ததே. குறை ஒன்று உண்டு: தொலைவில் வேகம் தணிந்துவிட்டால் இது சரியாக விரியாமல் போகலாம். உறையோடு ஈயத்தைப் பற்றவைத்த குண்டும், நடுவில் தடுப்புச் சுவர் வைத்த குண்டும் இவ்விரண்டுக்கும் இடைப்பட்டவை. வலது பக்கம் இருப்பது விரியாத திடக் குண்டு. யானைக்கும் காட்டெருமைக்கும் உரியது. மான் வேட்டைக்கு அதை எடுத்துச் செல்லாதீர்கள். அது ஊசி போல ஊடுருவி, பின்னால் நிற்கும் இன்னொரு மானையும் காயப்படுத்தும்.

குண்டு ஆழமாகப் போவதற்கு இன்னொரு காரணம் அதன் நீளம். ஒரே தடிமனுள்ள இரண்டு குண்டுகளில் கனமானது நீளமாக இருக்கும். ஒரே துளையின் வழியே அதிக எடை தள்ளுவதால் அது நிற்காமல் போகும். 1892இல் பிறந்த 7×57 மவுசர் தோட்டாவின் பெருமை முழுவதும் இதில்தான் இருக்கிறது. 1899 முதல் 1902 வரை பிரிட்டிஷாரோடு நடந்த போரில் போயர்கள் (டச்சு வழிவந்த குடியேறிகள்) கையில் இருந்தது பெரும்பாலும் இதுவே. அந்தப் போரின் ஸ்பியன் கோப் சண்டையில் காயம்பட்டவர்களைத் தூளியில் சுமந்த நேட்டால் இந்திய ஆம்புலன்ஸ் படையில் ஒப்பந்தக் கூலிகளாக வந்த நம் முன்னோர்களும் இருந்தார்கள் என்பதால், இந்தத் தோட்டாவின் வேலையை நம் குடும்பங்கள் மிக அருகிலேயே பார்த்திருக்கின்றன. பின்னர் பெல் என்ற ஸ்காட்டிஷ் வேட்டைக்காரர் இதே 7 மில்லிமீட்டர் தோட்டாவில் நீண்ட திடக் குண்டுகளைப் போட்டு நூற்றுக்கணக்கான யானைகளைச் சுட்டார். இந்தக் கதையை எடுத்துக்காட்டிச் சின்னத் துப்பாக்கியே போதும் என்று வாதிடுவோர் உண்டு. யானையின் மண்டைக்குள் மூளை எங்கே இருக்கிறது என்பதை அவர் அறிந்திருந்த அளவுக்கு, குடுவின் இதயம் எங்கே இருக்கிறது என்று நமக்குத் தெரியுமா என்பதுதான் அவர்களிடம் நான் கேட்பது.

(திரையில்: தோட்டாக்கள் வரிசையாக நிற்கின்றன. பெயரும் ஆண்டும் எழுத்தில் தோன்றுகின்றன.)

இனித் தோட்டா. 1906இல் வந்த .30-06, 11.7 கிராம் குண்டை நொடிக்கு ஏறத்தாழ 820 மீட்டர் வேகத்தில் அனுப்புகிறது. குழல் வாயில் அதன் ஆற்றல் சுமார் 3,900 ஜூல். 1952இல் வந்த .308 வின்செஸ்டர் அதைவிடச் சற்றே மெதுவானது. முள்காட்டில் அந்த வேறுபாட்டை எந்த மானும் உணரப் போவதில்லை. 1963இன் .300 வின்செஸ்டர் மேக்னம் அதே 11.7 கிராம் குண்டை 900 மீட்டர் வேகத்தில் அனுப்பி 4,700 ஜூலைத் தருகிறது. எண்ணைப் பார்த்தால் மயக்கம் வரும், எனக்கும் வந்தது. காரூ என்ற வறண்ட சமவெளியில் 300 மீட்டரில் நிற்கும் ஸ்பிரிங்பாக் மானுக்கு அந்த வேகம் உதவும்தான். 200 மீட்டரில் குறி சரியாகப் படும்படி அளவு வைத்த .30-06 அந்தத் தொலைவில் ஏறத்தாழ ஒரு சாண் கீழே போகும். மேக்னம் அவ்வளவு இறங்காது. நம் பக்கத்தில் 150 மீட்டருக்கு மேல் பார்வையே கிடைப்பதில்லை. அங்கே அந்தக் கூடுதல் வேகம் செய்வதெல்லாம் தோள் இறைச்சியை இரத்தக் கட்டியாக்குவதும், நம் தோளை உதைப்பதும்தான்.

அந்த உதையைப் பற்றி நான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். நான் முதலில் வாங்கியது .300 மேக்னம். யாரும் என்னைத் தூண்டவில்லை. நானே எண்களைப் படித்து முடிவு செய்தேன். முதல் பருவத்தில் 70 மீட்டரில் பக்கவாட்டில் நின்ற கிடா நியாலாவைச் சுட்டேன். அது முதுகைக் கூனிக்கொண்டு ஓடியது. தடம் பார்க்கும் பெரியவர் புல்லில் விரலை வைத்து எடுத்துக் காட்டினார். நுரையீரல் இரத்தமாக இருந்தால் இளஞ்சிவப்பாக நுரைத்திருக்கும். அந்த விரலில் இருந்தது கருஞ்சிவப்பு, அதில் மென்ற புல்லின் பச்சைத் துணுக்கு. இருட்டும் வரை தேடினோம். மறுநாள் காலையில்தான் அது கிடைத்தது. அதை நான் விரிவாகச் சொல்ல விரும்பவில்லை.

ஊர் திரும்பியதும் மாமா என்னைச் சுடுதளத்துக்கு அழைத்துப்போனார். தோட்டாக்களை அவரே நிரப்பினார். இடையில் மருந்தும் கேப்பும் இல்லாத போலித் தோட்டா ஒன்றையும் எனக்குத் தெரியாமல் செருகியிருந்தார். விசையை இழுத்தேன். வெடிக்கவில்லை, ஆனால் குழலின் முனை ஒரு விரற்கடை கீழே குத்தியது, என் கண்கள் இறுக மூடியிருந்தன. "துப்பாக்கி உதைக்கவே இல்லையே மாப்பிள்ளை, நீ யாருக்குப் பயந்தாய்?" என்று கேட்டுவிட்டு அவருடைய பழைய .30-06 பிரனோ ரைபிளைக் கையில் கொடுத்தார். ஏறத்தாழ இருபது தோட்டாக்களுக்குப் பிறகுதான் என் கண் திறந்தபடியே இருந்தது. இந்தச் சோதனையை நீங்களும் செய்து பாருங்கள். ரைபிள் வாங்குமுன், வாங்க நினைக்கும் அதே தோட்டாவில் செய்து பாருங்கள். அதில் முனை குத்தினால், அந்தத் தோட்டா இப்போதைக்கு உங்களுக்கு உரியது அன்று.

காட்டெருமை வேறு கணக்கு. 600, 700 கிலோ எடையோடு திருப்பித் தாக்கக்கூடிய அந்த மிருகத்துக்கு, 1912இல் வந்த .375 ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் மேக்னம்தான் கீழ் எல்லை என்று ஆப்பிரிக்காவின் பல நாடுகளில் கருதப்படுகிறது. அது 19.4 கிராம் குண்டை 770 மீட்டர் வேகத்தில் அனுப்பி 5,700 ஜூலுக்கு மேல் தருகிறது. பக்கத்து நமீபியாவில் சட்டமே ஜூலில் எழுதப்பட்டிருக்கிறது: ஸ்பிரிங்பாக்குக்கு 1,350, குடுவுக்கும் ஈலண்டுக்கும் 2,700, காட்டெருமைக்கு 5,400. இந்த எண்கள் எனக்குப் பிடித்தவை, குடுவுக்கு .308 தாராளமாகப் போதும் என்பதை வாதமில்லாமல் சொல்லிவிடுகின்றன. .416 ரிக்பியும் .458 வின்செஸ்டர் மேக்னமும் இன்னும் மேலே உள்ளவை. அவை தொழில்முறை வழிகாட்டியின் தோளில் இருக்கட்டும்.

(திரையில்: திறந்த போல்ட். மகசினிலிருந்து தோட்டா மேலே எழும்பும் காட்சி மெதுவாக ஓடுகிறது.)

ரைபிளுக்கு வந்துவிட்டோம், இங்கே அதிகம் பேச வேண்டியதில்லை. ஒவ்வொரு முறையும் போல்ட்டைக் கையால் இழுத்துத் தள்ளித் தோட்டா ஏற்றும் போல்ட் ரைபிள் வாங்குங்கள். 1898இன் மவுசர் அமைப்பில், மகசினிலிருந்து தோட்டா எழும்பும்போதே அகலமான நகம் ஒன்று கூட்டின் விளிம்பைக் கவ்விக்கொள்கிறது. பதற்றத்தில் போல்ட்டைப் பாதியில் இழுத்து மீண்டும் தள்ளினாலும் இரண்டு தோட்டாக்கள் சிக்கிக்கொள்ளாது. காட்டெருமைக்கு இது அவசியம். மானுக்கு இருந்தால் நல்லது. ஸ்கோப்பில் பெருக்கம் அதிகமாக இருப்பது முள்காட்டில் இடைஞ்சல். ஒன்றரை மடங்கிலிருந்து ஆறு மடங்கு வரை போதும். சுடும்போது கண்ணுக்கும் ஸ்கோப்புக்கும் ஏறத்தாழ ஒன்பது சென்டிமீட்டர் இடைவெளி விடுங்கள். புருவத்தில் பிறை வடிவத் தழும்போடு திருமணத்துக்குப் போனவர் எங்கள் குடும்பத்திலேயே உண்டு. கனத்த குண்டு குச்சியை ஒடித்துக்கொண்டு நேராகப் போகும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். எந்தக் குண்டும் கிளையில் பட்டால் விலகும்.

சட்டமும் தேர்வைச் சுருக்குகிறது. 2000ஆம் ஆண்டின் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி முதலில் பயிற்சி, பிறகு தகுதிச் சான்றிதழ், பிறகு ஒவ்வொரு துப்பாக்கிக்கும் தனி உரிமம். எப்போதாவது வேட்டைக்குப் போகிறவர் நான்கு துப்பாக்கிக்கு மேல் வைத்திருக்க முடியாது. ஒரு துப்பாக்கிக்கு 200 தோட்டா, அதுவும் அந்தத் துப்பாக்கிக்கு உரியது மட்டும். உரிமம் வரும் வரை, உரிமையாளர் பக்கத்திலேயே இருந்து கண்காணிக்க, அவருடைய ரைபிளால் நீங்கள் சுடலாம். மாமாவின் பிரனோ என் கைக்கு வந்தது இப்படித்தான். அரிய தோட்டாவில் ஆசை வைக்காதீர்கள். .308உம் .30-06உம் சிற்றூர்க் கடையிலும் கிடைக்கும். மற்றதைத் தேடி டர்பனுக்கே திரும்ப நேரும்.

(திரையில்: பண்ணையின் ஓரம். மூன்று கால் தாங்கியின் மேல் ரைபிள். 100 மீட்டரில் ஓர் அட்டை.)

பண்ணைக்குப் போய்ச் சேர்ந்ததும், காட்டுக்குள் விடுமுன், அட்டையில் இரண்டு முறை சுட்டுக் காட்டச் சொல்வார்கள். சரளைச் சாலையில் குலுங்கி வந்த ஸ்கோப் இடம் பெயர்ந்திருக்கிறதா என்று பார்ப்பதற்காக என்று அதற்குக் காரணம் சொல்வார்கள், அது உண்மையும்கூட. ஆனால் அந்தத் தடம் பார்க்கும் பெரியவர் எங்கே நிற்கிறார் என்று கவனியுங்கள். எல்லாரும் தொலைநோக்கியில் அட்டையைப் பார்த்துக்கொண்டிருக்க, அவர் மட்டும் உங்களுக்குப் பக்கவாட்டில் நின்று உங்கள் கண் இமையைப் பார்த்துக்கொண்டிருப்பார்.