அக்ரிங்டனின் கழகமும் நம் பிள்ளைகளின் மைதானமும்

(கொட்டாஞ்சேனையில் நடந்த உதைபந்தாட்டக் கழக ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

விழாவுக்குத் தலைமை தாங்கும் கழகத் தலைவர் அவர்களே, பிரதம அதிதியாக வருகை தந்திருக்கும் அதிபர் அவர்களே, வணக்கத்துக்குரிய மதகுருமார்களே, வெற்றிக் கிண்ணங்களை அன்பளிப்புச் செய்த செட்டியார் தெரு வர்த்தகப் பெருமக்களே, வேலைப்பளுவுக்கு மத்தியிலும் வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் மாநகர சபை அதிகாரிகளே (உங்களிடம் எனக்கொரு வேண்டுகோள் இருக்கிறது, கடைசியில் வருகிறேன்), கழகத்தின் மூத்த வீரர்களே, தாய்மார்களே, தம்பி தங்கைமாரே, எல்லோருக்கும் என் பணிவான வணக்கம். வரவேற்புரையில் என்னைப் பற்றி அன்போடு பேசிய செயலாளர் தம்பிக்கும், காலையிலிருந்து கதிரை சுமந்த பிள்ளைகளுக்கும் முதலில் நன்றி சொல்கிறேன்.

ஊர் கூடித் தேர் இழு என்பார்கள். ஆடிவேல் தேர் செட்டியார் தெருவிலிருந்து பம்பலப்பிட்டிப் பக்கம் போவதைப் பார்த்து வளர்ந்த கொழும்பு மக்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. என் பேச்சில் இந்தப் பழமொழி இன்னும் சில தடவை வரும். பொறுத்துக் கேளுங்கள்.

இன்று மூன்று விஷயங்களைப் பேச விரும்புகிறேன். ஒரு கழகம் எப்படிப் பிறக்கிறது, எப்படிச் சாகிறது, நல்ல பயிற்சியாளர்களை எப்படி உருவாக்குவது.

இங்கிலாந்தின் லங்காஷயரில் அக்ரிங்டன் என்று ஒரு சிற்றூர். பருத்தி ஆலைகளும் செங்கல் சூளைகளும் வாழவைத்த ஊர். 1888இல் இங்கிலாந்தில் உலகின் முதல் உதைபந்தாட்ட லீக்கைத் தொடங்கிய கழகங்கள் பன்னிரண்டு. அதில் ஒன்று இந்தச் சிற்றூரின் கழகம். ஐந்தே பருவங்களில் அது லீக்கை விட்டு வெளியேறியது, 1896இல் மறைந்தும் போனது. ஆனால் அதே ஊரில், ஸ்டான்லி தெரு என்ற ஒரு தெருவின் பெயரோடு இன்னொரு கழகம் 1891இலேயே முளைத்திருந்தது. அதுதான் அக்ரிங்டன் ஸ்டான்லி. தெருவின் பெயரில் கழகம் என்றதும் உங்களுக்குக் கொம்பனித்தெரு ஜாவா லேன் கழகம் நினைவுக்கு வருகிறதல்லவா? கழகங்கள் இப்படித்தான் பிறக்கின்றன. ஒரு தெரு, ஒரு பந்து, நாலு பிள்ளைகள்.

இனி நான் சொல்லப் போகும் கதையைத் தம்பிமார் கவனமாகக் கேட்க வேண்டும்.

1921இல் ஸ்டான்லி லீக்கில் சேர்ந்தது. பக்கத்திலே பேர்ன்லி, பிளக்பேர்ன் என்று பெரிய கழகங்கள். 1960இல் பேர்ன்லி இங்கிலாந்தின் சம்பியன். ஊர்ச் சனம் அங்கே போய் ஆட்டம் பார்த்தது. அதற்கு முன்பே, 1950களின் கடைசியில், ஸ்டான்லியின் நிர்வாகிகள் ஒரு காரியம் செய்திருந்தார்கள். அல்டர்ஷொட்டில் இராணுவக் காட்சிகளுக்குப் பாவித்த பார்வையாளர் மேடை ஒன்று விலைக்கு வந்தது. மலிவு என்று வாங்கினார்கள். அதைக் கழற்றி, நாட்டின் தெற்கிலிருந்து வடக்கே கொண்டுவந்து நிறுத்திய செலவு வாங்கிய விலையைப் பல மடங்கு தாண்டிவிட்டது! கடன் கழுத்தை நெரித்தது. 1962 மார்ச் 2ஆம் திகதி குரூ நகரில் நாலுக்குப் பூச்சியம் என்று தோற்றார்கள். அடுத்த சில நாட்களில் நிர்வாகிகள் கூடி, லீக்கிலிருந்து விலகுகிறோம் என்று கடிதம் எழுதித் தபாலில் போட்டுவிட்டார்கள்.

கடிதம் போன பிறகுதான் ஊர் விழித்தது. உதவி செய்கிறோம் என்று ஆட்கள் வந்தார்கள். விலகல் கடிதத்தைத் திருப்பித் தாருங்கள் என்று தலைவர் இரண்டாவது கடிதம் எழுதினார். லீக்கின் செயலாளர் அலன் ஹார்டேக்கர் மறுத்துவிட்டார். கொடுத்த கடிதம் கொடுத்ததுதான் என்றாகிவிட்டது. அந்தப் பருவத்தில் ஆடிய முப்பத்து மூன்று ஆட்டங்களின் முடிவுகளையும் பதிவிலிருந்தே நீக்கினார்கள். வீரன் சிந்திய வியர்வைக்குக் கணக்கில்லை. ஊர் கூட வேண்டிய நேரத்தில் ஒரு மேசையைச் சுற்றி நாலு பேர் மட்டும் கூடினால் இப்படித்தான் முடியும். நான் இதைக் கோபத்தோடு சொல்கிறேன், மன்னியுங்கள்.

அந்த இடத்தை நிரப்ப லீக் எடுத்த கழகம் ஒக்ஸ்போர்ட் யுனைட்டெட். ஸ்டான்லி 1966இல் முற்றாக மூடப்பட்டது. ஆனால் 1968இல் ஊர்க்காரர்கள் ஒன்றுகூடிப் புதிதாகத் தொடங்கினார்கள். கீழ்மட்டப் போட்டிகளிலிருந்து படிப்படியாக ஏறினார்கள். ஒரு பால் விளம்பரத்தில் இரண்டு சிறுவர்கள், 'அக்ரிங்டன் ஸ்டான்லியா, அது யார்?' என்று கேட்டு நாடே சிரித்த காலமும் அந்த இடையில்தான். சிரித்தவர்கள் சிரிக்கட்டும் என்று ஏறினார்கள். 2006இல் மீண்டும் லீக்குக்குள் நுழைந்தார்கள். அதே ஆண்டு லீக்கிலிருந்து கீழே இறங்கியது யார் தெரியுமா? அதே ஒக்ஸ்போர்ட் யுனைட்டெட்! நாற்பத்து நான்கு ஆண்டுகள், ஐயா. (கைதட்டல்) 2018இல் நான்காம் பிரிவின் சம்பியனாகவும் வந்தார்கள். ஊர் கூடியது, தேர் நகர்ந்தது.

இதை ஏன் கொட்டாஞ்சேனையில் வந்து சொல்கிறேன்? நமக்கும் பெருமை இல்லாமலில்லை. 1995இல் நமது சுகததாச விளையாட்டரங்கில், தெற்காசியத் தங்கக் கிண்ண இறுதிப் போட்டியில், மேலதிக நேரத்தில் அடித்த தங்கக் கோலால், அதாவது அடித்ததுமே ஆட்டத்தை முடித்துவைக்கும் கோலால், இந்தியாவை வென்றோம். அந்தக் கிண்ணம் அதற்குப் பிறகு நம் கைக்கு வரவில்லை. 2023 ஜனவரியில் ஃபீஃபா நமது சம்மேளனத்தை இடைநிறுத்தியது. ஓகஸ்ட் வரை தடை. பெரியவர்களின் பிணக்கு, பிள்ளைகளுக்குத் தண்டனை.

ஆனால் அதைவிடப் பெரிய தடை நம் வாசலில் இருக்கிறது. போன வாரம் ஒரு ஒழுங்கையில் நின்று பார்த்தேன். நாலு செருப்பு வைத்து இரண்டு கோல். ஒவ்வொரு முச்சக்கர வண்டிக்கும் ஆட்டம் நிற்கிறது. பந்து கானுக்குள் விழுந்தது. ஒரு பையன் முழங்கை வரை கையை விட்டு எடுத்து, தன் பெனியனிலேயே துடைத்துவிட்டு மறுபடி உதைத்தான். அந்த ஒழுங்கையிலிருந்து ஐந்து நிமிட நடையில் ஒரு பொது மைதானம். பெயர் சொல்ல மாட்டேன், உங்களுக்குத் தெரியும். வாயிலில் பூட்டு. உள்ளே வாகனங்கள் நிறுத்தியிருக்கிறது. வாடகை கொடுப்பவருக்குத் திறக்கிறது, பந்தோடு வரும் பிள்ளைக்குத் திறக்கவில்லை.

மாநகர சபை அதிகாரிகளே, என் வேண்டுகோள் இதுதான். பாடசாலை நாட்களில் மாலை நான்கு மணியிலிருந்து ஆறு மணிவரை அந்த வாயிலைப் பிள்ளைகளுக்குத் திறந்துவிடுங்கள். வாகனங்களுக்கு வேறு இடம் பாருங்கள். காவலுக்கு ஆளில்லை என்று சொல்வீர்கள். இந்தக் கழகத்தின் மூத்த வீரர்கள் முறைவைத்து நிற்பார்கள், இந்த மேடையிலேயே அதைப் பொறுப்பேற்கிறேன். பயிற்சியாளர்கள் பற்றியும் பேச இருந்தேன். மைதானம் திறக்காமல் பயிற்சியாளரை எங்கே நிறுத்துவது? முதலில் பூட்டைத் திறப்போம்.

வாசலோரம் மேசையில் மனு வைத்திருக்கிறோம். பிள்ளைகள் கிண்ணம் வாங்கி முடிந்ததும், தாய்மாரும் தந்தைமாரும் வரிசையாக வந்து கையெழுத்திடுங்கள். தமிழ், சிங்களம் இரண்டிலும் இருக்கிறது. வர முடியாத அயலவருக்கும் ஒரு தாள் எடுத்துப் போங்கள், வரும் வெள்ளிக்கிழமைக்குள் செயலாளர் தம்பியிடம் சேர்த்துவிடுங்கள். ஊர் கூடித்தான் இழுக்க வேண்டும். நன்றி, வணக்கம்.