வேலையை விடுறதுக்கு ஆரின்ர கையெழுத்து வேணும்?

எல்லாருக்கும் வணக்கம். சனசமூக நிலையத்தில இருந்து வந்து கேக்கேக்க "டீச்சர், குடும்பப் பொருளாதாரம் பற்றி கொஞ்சம் கதையுங்கோ" எண்டுதான் கேட்டவை, நான் பொருளாதாரம் படிப்பிக்கிற ஆள் இல்ல, ஆறாம் வகுப்புக்குக் கணக்குப் படிப்பிக்கிறன், அதால என்ர வீட்டுக் கணக்கையே கொண்டு வந்திருக்கிறன். மனுசனும் பின் வரிசையில இருக்கிறார், அவரைக் கேட்டுப்போட்டுத்தான் சொல்லுறன், பயப்பிடாதேங்கோ.

2021 மார்கழி. இவருக்கு வயசு 47, ஒரு லீசிங் கம்பெனியில 18 வருசமா வேலை. ஒருநாள் பின்னேரம் நான் புட்டுக்கு மா குழைச்சுக்கொண்டு நிக்கிறன், வந்து "இஞ்சரும், நான் கடிதம் குடுத்திட்டன்" எண்டார். வேலையை விடுற கடிதம். தண்ணி மோட்டர் வைண்டிங் செய்யப் போறாராம், அவற்ற அப்பா செய்த தொழில், படிக்கிற காலத்தில இவரும் பக்கத்தில இருந்து கம்பி சுத்தினவர். நான் ஒண்டும் கதைக்கேல்ல. அண்டைக்குப் புட்டு கல்லு.

எனக்குக் கோவம் வேலையை விட்டதுக்கில்ல. தவணை கட்டேலாத சனத்தின்ர படலையில போய் நிண்டு ஓட்டோவை எடுத்துக்கொண்டு வாற வேலை அது, மனுசன் ராவில நித்திரை இல்லாமல் புரண்டது எனக்குத் தெரியும். கடிதத்தைக் குடுத்துப்போட்டு வந்து சொன்னாரே, அதுதான்.

உங்களுக்குத் தெரியும், ஒல்லாந்தர் 1707 இல எழுதி எடுத்த தேசவழமை, அதுதான் யாழ்ப்பாணத் தமிழரின்ர வழக்கச் சட்டம், இண்டைக்கும் எங்கட காணிக்குப் பேசுது. 1911 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி மனுசி தன்ர சீதனக் காணியை விக்கிறதெண்டாலும் மனுசன்ர எழுத்துச் சம்மதம் வேணும். சரி, ஆனா மனுசன் 18 வருச வேலையை விடுறதுக்கு மனுசியின்ர கையெழுத்து ஒரு இடத்திலயும் தேவையில்ல. இவ்வளவு நாளும் எனக்கு உது தோணினதே இல்ல, அண்டைக்குத்தான் தோணிச்சுது.

மூண்டு நாள் கதைக்கேல்ல. நாலாம் நாள் ஒரு சி.ஆர். கொப்பி எடுத்துக்கொண்டு குந்தினம். அவற்ற சம்பளம் 80,000. நாங்கள் நினைக்கிறது 80,000 தான் போகுதெண்டு, இல்ல, அதுக்கு மேல கம்பெனி ஈ.பி.எஃப், அதுதான் ஊழியர் சேமலாப நிதி, அதுக்கு 12 வீதம், ஈ.டி.எஃப், அதுதான் ஊழியர் நம்பிக்கை நிதி, அதுக்கு 3 வீதம் போட்டுக்கொண்டு இருந்தது, அது மட்டும் மாசம் 12,000, கையில பிடிக்காத காசு எண்டபடியா ஆருக்கும் நினைவில வராது. ஈ.பி.எஃப்பில சேர்ந்து கிடக்கிறதை நம்பி இறங்கலாமெண்டா ஆம்பிளையளுக்கு 55 வயசு ஆக வேணும், வீடு வைத்தியம் எண்டா ஒரு பங்கு எடுக்கலாம், கடை போட எடுக்கேலாது. கையில வாறது கிராஜுவிட்டி, வேலையை விட்டுப் போகேக்க கம்பெனி குடுக்கிற காசு, வருசத்துக்கு அரை மாசச் சம்பளம், 18 வருசத்துக்கு 7,20,000. அவர் முழுக்கத் தொழிலுக்கெண்டார், நான் பாதி எண்டன். பாதி பாங்கில ஃபிக்ஸ்ட் டிப்பொசிட்டில போச்சு, மிச்சத்தில சுத்துற மெசினும் கம்பியும்.

அப்பதான் என்ர பக்கமும் வெளிய வந்தது. ஐஞ்சு வருசமா நான் சீட்டுக் கட்டுறன், மகளின்ர படிப்புக்கெண்டு, அவருக்குத் தெரியாது. கொப்பியில எழுதத்தானே வேணும். எழுதேக்க இவர் என்னைப் பாத்த பார்வை... சரி, விடுங்கோ.

கடைசியில ஒரு தவணை போட்டம், 2023 தைப்பொங்கலுக்குள்ள வீட்டுச் சாப்பாட்டுச் செலவு மோட்டரால வர வேணும், வராட்டி வேற வேலை தேட வேணும். போட்டு மூண்டு மாசமில்ல, டொலர் 200 ரூபாவில இருந்து ஏறத் தொடங்கி வைகாசியில 360 ஐத் தாண்டிச்சுது, செப்புக் கம்பி வாங்கப் போனா கடைக்காரர் விலை சொல்லாமல் முகத்தைப் பாக்கிறார், பங்குனிக் கடைசியில 13 மணித்தியாலம் கரண்ட் இல்ல, சுத்தின மோட்டரை ஓட்டிப் பாக்கவே வழியில்ல. மாமி "வாத்திச்சியின்ர சம்பளத்தில குந்திச் சாப்பிடுறான் எண்டு சனம் கதைக்குது" எண்டா, லண்டனில இருந்து மச்சாள் காசு அனுப்பட்டோ எண்டு கேட்டா, கேட்ட விதம் பிடிக்கேல்ல, வேண்டாம் எண்டன். நகையை அடைவு வைச்சம். வெக்கமில்லாமல் சொல்லுறன், ரெண்டு சோடிக் காப்பு.

பேந்து 2022 ஆவணியில மண்ணெண்ணெய் லீட்டர் 87 ரூபாவில இருந்து ஒரேயடியா 340 ரூபா. தோட்டக்காரருக்கு அது பெரிய அடி. ஆனா மண்ணெண்ணெய் மெசினால இறைச்சவை கொட்டிலுக்குள்ள கறள் பிடிச்சுக் கிடந்த பழைய கரண்ட் மோட்டரையெல்லாம் சைக்கிள் கரியரில கட்டிக்கொண்டு வரத் தொடங்கிச்சினம். எரிஞ்ச கம்பியை வெட்டி இழுத்து, மோட்டரின்ர காடியளுக்குள்ள பேப்பர் வைச்சு, சுத்து எண்ணி எண்ணிப் போட்டு, வார்னிஷ் ஊத்தி வெயிலில வைக்கிறது. வீடு முழுக்க வார்னிஷ் மணம், மகள் மூக்கைப் பொத்திக்கொண்டு ஏ.எல். படிச்சவள். சுத்து ஒண்டு பிழைச்சா மோட்டர் திரும்ப எரியும், காசும் திருப்பிக் குடுக்க வேணும், அப்பிடி நாலு தரம் குடுத்திருக்கிறம்.

பொங்கலுக்குக் கணக்குப் பாத்தா சாப்பாட்டுச் செலவுக்கு 6,000 குறையுது. நான் சித்திரை மட்டும் தவணை குடுத்தன். ஏன் குடுத்தனெண்டா, மனுசன் ராவில நித்திரை கொள்ளத் தொடங்கிட்டார், அதைக் கொப்பியில எந்தப் பக்கம் எழுதுறது எண்டு எனக்குத் தெரியேல்ல.

இப்ப எப்பிடி எண்டா, கோடையில ஒரு லட்சமும் வரும், மாரியில ஆரும் இறைக்கிறேல்ல, 30,000 உம் வரும். அதால கோடைக் காசை மாரிக்கு எடுத்து வைக்கப் பழகிட்டம். கம்பெனி போட்ட அந்த 12,000 க்குப் பதிலா எங்களால 7,000 தான் போட ஏலுது, முதல் ஒண்டரை வருசம் ஒரு சதமும் போடேல்ல. காப்பில ஒரு சோடி மீட்டாச்சு, மற்றது இன்னும் அடைவில.

தலைவர் கையைக் காட்டுறார், தேத்தண்ணி வந்திட்டுது போல. கொப்பியைக் கொண்டந்திருக்கிறன், பாக்கிற ஆக்கள் பாக்கலாம், சீட்டுக் கணக்கு மட்டும் இருக்கிற பக்கத்தை ஒட்டிப்போட்டன்.