மருந்துக்கு அரசு கொடுக்கிற விலை எங்கே தீர்மானமாகுது?

[திரையில்: மெட்பார்மின் 500 மி.கி. அட்டைகள் ரெண்டு. ஒன்றில் எம்.ஆர்.பி., மற்றதில் 'தமிழ்நாடு அரசு – விற்பனைக்கு அல்ல']

ரெண்டும் ஒரே மருந்துதான். மெடிக்கல் ஷாப் அட்டைக்கு விலை வரம்பு போடுறது ஒன்றிய அரசோட ஆணை. ஆரம்ப சுகாதார நிலையத்து அட்டைக்கு விலை வைக்கிறது டெண்டர். இந்த ரெண்டையும் போட்டுக் குழப்பிக்கிட்டா அரசோட மருந்துச் செலவு புரியவே புரியாது.

முதல்ல ஆணை. 2013 மே மாசம் வந்த மருந்து விலைக் கட்டுப்பாட்டு ஆணைப்படி, அத்தியாவசிய மருந்துப் பட்டியல்ல இருக்கிறதுக்கு என்.பி.பி.ஏ.ங்கிற தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம் உச்சவரம்பு விலை போடும். சந்தையில 1 சதவீதமோ அதுக்கு மேலயோ பங்கு இருக்கிற பிராண்டுகளை எடுத்து, கடைக்காரர் வாங்குற விலைக்குச் சராசரி பார்ப்பாங்க. அதோட 16 சதவீதம் கடைக்காரர் லாபம்.

[திரையில்: 10, 8, 6, 4 ரூபாய் → சராசரி 7 → உச்சவரம்பு 8.12]

கணக்குக்காக நாலு பிராண்டு வச்சுக்குவோம். சராசரி 7 ரூபாய், லாபம் 1.12, ஆக 8.12. ஜி.எஸ்.டி. தனி. 10 ரூபாய் பிராண்டு இறங்கியே ஆகணும். ஆனா அந்தச் சராசரியை மேலே இழுத்ததும் அதே பிராண்டுதான். மாத்திரை செய்ய எவ்வளவு ஆச்சுங்கிறது இந்தக் கணக்குல எங்கேயும் இல்லை. 1995 ஆணையில உற்பத்திச் செலவுதான் அடிப்படையா இருந்தது. இப்போ மொத்த விலைக் குறியீடு ஏறினா ஏப்ரல்ல உச்சவரம்பும் ஏறும், 2023-ல 12.12 சதவீதம் ஏறிச்சு. பட்டியல்ல இல்லாத மருந்துக்கு வருஷம் 10 சதவீதம் வரைக்கும் ஏத்திக்கலாம்.

பில்லைப் பார்த்து அரசு பணம் திருப்பிக் கொடுக்கிற இடத்துல இந்த உச்சவரம்பு நேரடியா உதவும். மொத்தமா வாங்குற இடத்துல கதையே வேற.

[திரையில்: மாவட்ட மருந்துக் கிடங்கு]

அரசு ஆஸ்பத்திரிகளுக்கு மொத்தமா மருந்து வாங்குற தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் 1994-ல தொடங்கினது. டெண்டர்ல ரெண்டு உறை. தொழில்நுட்ப உறையில தேறினவங்களோட விலை உறையை மட்டும்தான் பிரிப்பாங்க. குறைஞ்ச விலை எதுவோ அதுதான் விலை. மத்தவங்க அதுக்கு இறங்கி வந்தா அவங்களுக்கும் ஆர்டர் உண்டு. ஒவ்வொரு ஆஸ்பத்திரிக்கும் பாஸ்புக்ல ஒதுக்கீடு இருக்கும், அதுக்குள்ள கிடங்குல எடுத்துக்கணும். வந்த சரக்குல மாதிரி எடுத்து, கம்பெனி பேரை மறைச்சு லேபுக்கு அனுப்புவாங்க. விலை இறங்கும்போது தரம் இறங்காம காப்பாத்துறது இந்தக் கட்டம்தான். இதைச் சுருக்கினா மிச்சம் பிடிச்ச பணத்துக்கு அர்த்தமே இல்லை.

சிக்கல் பெரும்பாலும் தேவைக் கணிப்புல ஆரம்பிக்கும். போன வருஷம் எவ்வளவு செலவாச்சுன்னு பார்த்து இந்த வருஷத்துக்கு ஆர்டர் போடுறோம். போன வருஷம் மூணு மாசம் சரக்கே இல்லைன்னா? பதிவுல 'தேவை குறைவு'ன்னு நிக்கும். சரக்கு இல்லாத நாட்களைக் கழிச்சுட்டு மாதச் சராசரி எடுக்கலைன்னா அடுத்த வருஷமும் தட்டுப்பாடுதான்.

அப்போ ஆஸ்பத்திரி வெளியில வாங்கும்.

[திரையில்: 90 × 0.40 + 10 × 1.60 = 52]

டெண்டர்ல 40 காசு, வெளியில 1.60 ரூபாய்னு வச்சுக்குவோம். நூறு மாத்திரைக்கு 40 ரூபாய் ஆகணும். பத்தே பத்தை வெளியில வாங்கினா 52 ரூபாய். 30 சதவீதம் கூடுதல். அந்த 1.60 உச்சவரம்புக்கு உள்ளேயே இருக்கலாம், சட்டப்படி தப்பே இல்லை. சப்ளையருக்குப் பணம் தாமதமாப் போனாலும் இதே கதிதான்: அடுத்த டெண்டர்ல வட்டியையும் சேர்த்து விலை எழுதுவார், இல்லைன்னா வரவே மாட்டார்.

காப்பீட்டுத் திட்டத்துல ஒரு சிகிச்சைக்கு இவ்வளவுன்னு பேக்கேஜ் தொகை. மருந்தும் அதுக்குள்ளதான், அதனால மலிவான மருந்தை எழுத ஆஸ்பத்திரிக்கே அக்கறை வரும். தொகை ரொம்பக் குறைஞ்சா, 'இதை வெளியில வாங்கிட்டு வாங்க'ன்னு நோயாளி கையில சீட்டு வரும். அரசோட கணக்குல செலவு குறைஞ்ச மாதிரி தெரியும், அந்தப் பணத்தை நோயாளியோட குடும்பம் கட்டியிருக்கும். அதனால எந்தத் திட்டத்தைத் தணிக்கை பண்ணினாலும் பேக்கேஜ் பில்லோட நோயாளி வெளியில வாங்கின ரசீதையும் கேட்டு வாங்கிப் பார்க்கணும்.