ஆயாவுக்குக் கடிகாரம் வரையத் தெரியலைன்னா மறதி நோயா?

பதினொன்று பத்து. இந்த மணியைக் கடிகாரமாக வரையுங்கள் பார்ப்போம். வீடியோவை நிறுத்திவிட்டே வரையுங்கள், நான் எங்கேயும் போகவில்லை.

ஆச்சா? பெரிய முள்ளை 2-இல் வைத்திருப்பீர்கள். அங்கேதான் சூட்சுமம். 'பத்து' என்று காதில் விழுந்ததும் கை 10-க்குத்தான் ஓடப் பார்க்கும். அதை அடக்கி 2-க்குத் திருப்ப மூளை தனியாக உழைக்க வேண்டும். தடுமாறும் மூளை முள்ளை நேரே 10-இலேயே நட்டுவிடும். கேள்வி போட்டவர் லேசுப்பட்ட ஆளில்லை! நினைவு, கவனம் போன்ற மூளைத் திறன்களைப் பார்க்க 2005-இல் வந்த 'மோகா' சோதனையில் மொத்தம் 30 மதிப்பெண், அதில் 3 இந்தக் கடிகாரத்துக்கு.

இதெல்லாம் எதற்கு? எம்சிஐ, அதாவது லேசான அறிவாற்றல் குறைபாட்டைப் பிடிக்க. வயசுக்கு மீறிய மறதி, ஆனால் அன்றாட வேலை தடையில்லாமல் ஓடும். டிமென்ஷியா என்கிற மறதி நோய் அளவுக்குப் போகவில்லை.

சரி, காட்பாடிப் பக்கம் இருக்கும் எங்க ஆயாவுக்கு வருவோம். பென்சிலைக் கோலமாவு கிள்ளுகிற மாதிரி பிடித்தார். எண்கள் எல்லாம் ஒரே பக்கம் குவிந்தன. அம்மா முகம் வாடிவிட்டது. ஆனால் இதே கை மார்கழியில் பதினைந்து புள்ளி வைத்து, ஒரு கோடு பிசகாமல் இழுக்கும்! கோலத்தில் பரீட்சை வைத்தால் எனக்கு முட்டைதான். படிப்பு குறைவு என்றால் மோகாவில் ஒரு மதிப்பெண் கூட்டிக் கொடுப்பார்கள். பள்ளிக்கூட வாசலையே மிதிக்காதவருக்கு ஒரே ஒரு மதிப்பெண்! கமெண்டில் திட்டுங்கள், நானும் சேர்ந்துகொள்கிறேன்.

படிக்காதவர்களை எப்படிச் சோதிப்பது என்று வேலூரில் முன்பே யோசித்திருக்கிறார்கள். டிமென்ஷியா உள்ளவர்களில் 66 சதவீதம் பேர் வளரும் நாடுகளில் இருந்தார்கள், ஆராய்ச்சியோ 10 சதவீதம்கூட அங்கே நடக்கவில்லை என்பதால் '10/66' என்றே பெயர் வைத்த ஆய்வுக்குழு, கணியம்பாடி வட்டாரத்தில் வேலை செய்தது.

எங்கள் டாக்டரம்மா கடிகாரத்தோடு நிறுத்தவில்லை. "முன்னே செஞ்சதுல இப்ப எது மாறியிருக்கு?" என்று அம்மாவைக் கேட்டார். அம்மாவுக்கு அப்போதுதான் பொறி தட்டியது. கதவுக்குப் பின்னால் சுவரில் ஆயா கரியால் கிழிக்கும் பால் கணக்கு. இரண்டு மாதமாகச் சில நாளுக்கு, போட்டதை மறந்து, இரண்டு கோடு.

அப்புறம் பி12 வைட்டமின், தைராய்டு, காது, மனச்சோர்வு, தூக்க மாத்திரை என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார்கள். இவற்றாலும் மறதி வரும். ஆயாவுக்கு பி12 குறைவு. ஊசி போடுகிறார்கள், மூன்று மாதம் கழித்து மறுபடி சோதனை.

கிளம்பும்போது ஆயா திரும்பிக் கேட்டார்: "கடியாரம் இன்னாத்துக்கு டாக்டரம்மா? காட்பாடியில ரயில் கூவுனா எனக்கு மணி தெரியும்."