கொதிக்கிற தண்ணீரும் ஒரு குருவானவரும்

நேயர்களுக்கு வணக்கம். காலை நேரம். உங்களில் பல பேர் வீட்டு அடுப்பில் இப்போது டீக்குத் தண்ணீர் கொதித்துக்கொண்டிருக்கும். அதைக் கொஞ்சம் எட்டிப் பாருங்கள். அந்தத் தண்ணீர் ஏன் கொதிக்கிறது?

கேஸ் எரிகிறது, அந்தச் சூட்டில் கொதிக்கிறது என்பது ஒரு பதில். வீட்டில் யாருக்கோ டீ குடிக்க வேண்டும்போல் இருந்தது, அதனால் கொதிக்கிறது என்பது இன்னொரு பதில். எது சரி? இரண்டும் சரி. ஒன்றைச் சொல்லிவிட்டதால் மற்றது பொய்யாகிவிடவில்லை.

கெட்டிலை வைத்து இந்தக் கேள்வியை மேடைக்கு மேடை கேட்டவர் ஒருவர் இருந்தார். ஜான் போல்கிங்ஹார்ன். இங்கிலாந்து திருச்சபையின் குருவானவர், இறையியலாளர், கேம்பிரிட்ஜ் குவீன்ஸ் கல்லூரியின் தலைவர். அதற்கெல்லாம் முன்னால், அதே கேம்பிரிட்ஜில் கணித இயற்பியல் பேராசிரியர். அவரைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

நான் முப்பது வருஷத்துக்கு மேல் பள்ளிக்கூடத்தில் இயற்பியல் சொல்லிக்கொடுத்தவன். அநேகமாக ஒவ்வொரு வருஷமும் பிளஸ் டூ பிள்ளைகளில் யாராவது ஒருவர், வகுப்பு முடிந்து எல்லோரும் போன பிறகு, மேசைப் பக்கம் வந்து நிற்பார். "சார், இதெல்லாம் படிச்சா சாமி கும்பிடக் கூடாதா?" சிரித்து மழுப்பிவிடக்கூடிய கேள்வி இல்லை அது. அந்தப் பிள்ளை பல நாள் யோசித்துவிட்டு வந்து கேட்கிறது. அதற்கு நேர்மையாகப் பதில் சொல்ல எனக்குத் துணையாக இருந்தவர் போல்கிங்ஹார்ன்.

அவர் பிறந்தது 1930 அக்டோபரில், இங்கிலாந்தின் தென்மேற்கே கடலோரத்தில் உள்ள வெஸ்டன்-சூப்பர்-மேர் என்ற ஊரில். அப்பா தபால் துறைக்காரர். ஈலி என்ற ஊருக்குத் தலைமை போஸ்ட்மாஸ்டராக அப்பாவுக்குப் பதவி உயர்வு வந்ததால் குடும்பம் அங்கே போயிற்று. பையன் பக்கத்து நகரமான கேம்பிரிட்ஜில் படித்தான். விமானப் படையில் இருந்த அண்ணன் 1942ல், போர் நடந்துகொண்டிருந்தபோதே இறந்துபோனார். அப்போது தம்பிக்கு வயது பதினொன்றோ பன்னிரண்டோதான். துக்கம் என்றால் என்னவென்று தெரியாமல் இறையியல் பேசியவர் இல்லை அவர்.

கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரியில் கணிதம் படித்தார். அணு அளவில் பொருள்கள் எப்படி நடந்துகொள்கின்றன என்று சொல்லும் குவாண்டம் இயற்பியலை, அதை உருவாக்கியவர்களில் ஒருவரான பால் டிராக்கின் வகுப்பில் உட்கார்ந்து கற்றார். முனைவர் பட்ட ஆய்வில் அவருக்கு வழிகாட்டியவர்களில் ஒருவர் பாகிஸ்தான் இயற்பியலாளர் அப்துஸ் சலாம். அப்புறம் அமெரிக்காவில் இயற்பியலாளர் மர்ரி கெல்-மானோடு கொஞ்ச காலம், எடின்பரோவில் கொஞ்ச காலம் இருந்துவிட்டுத் திரும்பவும் கேம்பிரிட்ஜுக்கே வந்தார். 1968ல் பேராசிரியர். 1974ல் பிரிட்டனின் அறிவியல் கழகமான ராயல் சொசைட்டியின் உறுப்பினர். அணுவுக்குள்ளே இருக்கும் துகள்கள் ஒன்றோடொன்று மோதினால் என்ன ஆகும் என்பதைக் கணிதத்தால் பிடிப்பதுதான் அவருடைய வேலை. அதைப் படம் போட்டால்தான் விளக்க முடியும். வானொலியில் படம் போட வழியில்லை, அதனால் அதை விட்டுவிடுகிறேன்.

இப்போது 1979ஆம் வருஷத்துக்கு வருகிறேன். அந்த ஒரு வருஷத்தில் இரண்டு காரியங்கள் நடந்தன. டிசம்பரில் ஸ்டாக்ஹோமில் ஆசிரியர் அப்துஸ் சலாம் நோபல் பரிசு வாங்கினார். விருந்தில் பேச எழுந்தபோது குர்ஆனிலிருந்து ஒரு வசனத்தைச் சொன்னார். இறைவனின் படைப்பில் குறை காண முடியாது, திரும்பத் திரும்பப் பார், உன் பார்வை களைத்துத்தான் திரும்பி வரும் என்ற பொருள் உள்ள வசனம். அதே வருஷம், அவருடைய மாணவர் போல்கிங்ஹார்ன், கேம்பிரிட்ஜ் பேராசிரியர் பதவியை விட்டுவிட்டு, குருப்பட்டத்துக்குப் படிக்க வெஸ்ட்காட் ஹவுஸ் என்ற இறையியல் கல்லூரியில் போய்ச் சேர்ந்தார். வயது நாற்பத்தெட்டு. பேராசிரியராக இருந்தவர் மறுபடி மாணவராக பெஞ்சில் உட்கார்ந்தார்.

இயற்பியல் பிடிக்காமல் விட்டாரா? இல்லை. ஏதாவது கசப்பா? அதுவும் இல்லை. இருபத்தைந்து வருஷம் இயற்பியலுக்கு என்னால் ஆனதைச் செய்துவிட்டேன், கணிதம் சார்ந்த துறைகளில் வயது ஏற ஏறப் புதிதாகச் செய்வது குறைந்துகொண்டு வரும், இனி வேறு பணி செய்யலாம் என்றுதான் சொன்னார். அறிவியலைத் தோற்கடித்துவிட்டு மதம் ஜெயித்த கதையாக இதைச் சொல்லுகிறவர்கள் உண்டு. ஒரு மேதை வீணாய்ப்போனார் என்று சொல்லுகிறவர்களும் உண்டு. இரண்டு பேரும் அவரைச் சரியாகப் பார்க்கவில்லை என்பது என் கருத்து. அவர் கட்சி மாறவே இல்லை.

1982ல் குருவானவரானார். பிரிஸ்டல் நகரத்தின் தெற்கே, உழைக்கும் மக்கள் வாழும் பகுதியில் உதவிக் குருவாக இருந்தார். பிறகு கென்ட்டில் பிளீன் என்ற கிராமத்துக்குச் சேகரகுரு. வீடு வீடாகப் போய் நோயாளிகளைப் பார்ப்பது, அடக்க ஆராதனை, ஞானஸ்நானம், ஞாயிறு பிரசங்கம். நம் ஊர் சேகரகுரு ஒருவர் என்னவெல்லாம் செய்வாரோ அவ்வளவும்.

சரி, மறுபடி அந்தக் கொதிக்கிற தண்ணீருக்கு வருகிறேன். அதை விட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை.

கேஸ் எரிவதைச் சொல்லும் பதில் 'எப்படி' என்ற கேள்விக்கு உரியது. டீ வேண்டும் என்ற பதில் 'எதற்காக' என்ற கேள்விக்கு உரியது. அறிவியல் 'எப்படி'யை மட்டும் எடுத்துக்கொண்டது. அப்படி எடுத்துக்கொண்டதால்தான் இவ்வளவு தூரம் ஜெயித்தது. அதற்காக 'எதற்காக' என்ற கேள்வியே கிடையாது என்று சொன்னால், டீ போட வந்தவரையே சமையலறையிலிருந்து துரத்துவதுபோல் ஆகிவிடும். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். இரண்டு பதிலும் ஒன்றுக்கொன்று பொருந்த வேண்டும். டீ போடப்போகிறேன் என்று சொல்லிவிட்டுத் தண்ணீர்ப் பாத்திரத்தை ஃபிரிட்ஜுக்குள் வைத்தால் யார் நம்புவார்கள்? போல்கிங்ஹார்னும் இதையே வலியுறுத்தினார். உலகம் ஆறு நாளில் உண்டானது, அறிவியல் சொல்லும் கணக்கெல்லாம் தப்பு என்று சொல்லுகிற பக்கத்தில் அவர் ஒருநாளும் நிற்கவில்லை. பரிணாமத்தை முழுசாக ஏற்றுக்கொண்டார். தன்னைத் தானே உண்டாக்கிக்கொள்ளும்படி கடவுள் உலகத்துக்கு இடம் கொடுத்திருக்கிறார் என்றார்.

அதற்கு ஒரு விலை உண்டு என்பதையும் அவர் மறைக்கவில்லை. செல்லுக்குள் ஏற்படும் மாற்றத்தால்தான் புதுப்புது உயிரினங்கள் தோன்றின. அதே மாற்றம்தான் புற்றுநோயும் ஆகிறது. ஒன்று வேண்டும், மற்றது வேண்டாம் என்று பிரிக்க முடியாது. இது துன்பப்படுகிறவருக்கு ஆறுதல் இல்லை என்று அவருக்குத் தெரியும். கடவுள் அலட்சியமாகவோ கொடூரமாகவோ இப்படிச் செய்யவில்லை என்ற அளவுக்குத்தான் அந்த விளக்கம் உதவும் என்று அதற்கு எல்லை கட்டிவிட்டுத்தான் பேசுவார்.

இன்னொரு விஷயம், எனக்கு மிகவும் பிடித்தது. ஒளி அலையா, துகளா? நான் வகுப்பில் சொல்லிக்கொடுத்த பாடம் இது. சில சோதனைகளில் குளத்து அலை மாதிரி நடந்துகொள்ளும். சில சோதனைகளில் சுவரில் எறிந்த கடுகு மாதிரி நடந்துகொள்ளும். அலை பரந்து கிடக்கும், கடுகு ஒரு இடத்தில் இருக்கும். ஒரே பொருள் இரண்டுமாக எப்படி இருக்கும்? இருபதாம் நூற்றாண்டின் முதல் இருபது, இருபத்தைந்து வருஷம் இயற்பியலாளர்களுக்கு விடை தெரியவில்லை. அப்போது அவர்கள் என்ன செய்தார்கள்? பிடிக்காத பாதியைத் தூக்கி எறிந்தார்களா? இல்லை. இரண்டையும் கையில் வைத்துக்கொண்டு, குழப்பத்தோடேயே வேலை செய்தார்கள். 1927ல் டிராக் வந்து முடிச்சை அவிழ்த்தார்.

போல்கிங்ஹார்ன் கேட்டார்: ஆதித் திருச்சபையும் இதைத்தானே செய்தது? இயேசுவோடு நடந்து, சாப்பிட்டு, பழகியவர்களுக்கு அவர் மனிதர் என்பதில் சந்தேகமே இல்லை. ஆனால் அவரைப் பற்றிப் பேசத் தொடங்கினால், கடவுளுக்குச் சொல்லும் சொற்களைச் சொல்லாமல் இருக்கவும் முடியவில்லை. இரண்டில் ஒன்றை வெட்டிவிட்டால் சுலபம். அவர்கள் வெட்டவில்லை. கண்டதை விட்டுக்கொடுக்காமல், நானூறு வருஷம் மல்லுக்கட்டி, 451ல் திருச்சபைத் தலைவர்கள் கூடிய கல்சதோன் சங்கத்தில், அவர் முழுக் கடவுள், முழு மனிதர் இரண்டும்தான் என்ற வரையறைக்கு வந்தார்கள். எனக்குத் தெரிந்து வேறு யாரும் இந்த இரண்டு கதைகளையும் இவ்வளவு தெளிவாகப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டியதில்லை. முதலில் அனுபவம், அப்புறம்தான் கோட்பாடு. இயற்பியலில் அவர் கற்ற பழக்கம் அது. ஆலயத்திலும் அதையே வைத்துக்கொண்டார்.

இப்போது ஒரு கண்ணை மூடிக்கொண்டு ஊசியில் நூல் கோத்துப் பாருங்கள். நூல் ஊசிக்கு முன்னாலோ பின்னாலோ போய்விடும். ஒரு கண்ணுக்கும் ஊசி தெரியத்தான் செய்கிறது, தூரம்தான் தெரியவில்லை. இரண்டு கண்ணாலும் பார்க்கிறேன் என்றுதான் போல்கிங்ஹார்ன் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொண்டார். அறிவியல் ஒரு கண், விசுவாசம் ஒரு கண். அந்தப் பிளஸ் டூ பிள்ளைகளிடம் நான் திரும்பத் திரும்பச் சொன்னதும் இதுதான்.

ஒலிபரப்பு அறைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து, இன்னும் ஐந்து நிமிஷம்தான் என்று ஐந்து விரலைக் காட்டுகிறார்கள். குவீன்ஸ் கல்லூரி நாட்களைப் பற்றி நிறையச் சொல்ல நினைத்திருந்தேன். சுருக்கிச் சொல்கிறேன்.

கிராமத்திலிருந்து 1986ல் கேம்பிரிட்ஜுக்குத் திரும்பி, டிரினிட்டி ஹால் சிற்றாலயத்தின் பொறுப்பேற்றார். அந்தப் பத்தாண்டின் முடிவில் குவீன்ஸ் கல்லூரியின் தலைவர். 1448ல் தொடங்கிய கல்லூரி அது. ஆற்றுக்கு மேலே உள்ள அதன் மரப்பாலத்தை நியூட்டன் கட்டினார் என்று அங்கே ஒரு கதை உலவுகிறது. பாலம் கட்டியது 1749ல், நியூட்டன் இறந்தது 1727ல். 1996ல் ஓய்வு பெறும்வரை போல்கிங்ஹார்ன் அந்தக் கல்லூரியில் இருந்தார். இடையில் அரசாங்கம் அவரை ஒரு குழுவுக்குத் தலைவராக்கியது. கருக்கலைப்பில் கிடைக்கும் திசுவை ஆராய்ச்சிக்குப் பயன்படுத்தலாமா என்ற கேள்வி. கருக்கலைப்பு செய்வதா என்று முடிவெடுப்பதற்கும் திசுவைப் பயன்படுத்துவதற்கும் தொடர்பே இருக்கக் கூடாது, இரண்டையும் தனித்தனியாக வைக்க வேண்டும் என்று 1989ல் அறிக்கை கொடுத்தார்கள். இதைப் பற்றியே தனியாக ஒரு உரை பேசலாம். 1997ல் அரசி நைட் பட்டம் கொடுத்தார். ஆனால் அங்கே குருவானவர்கள் 'சர்' போட்டுக்கொள்வது வழக்கமில்லை, அவரும் போட்டுக்கொள்ளவில்லை. 2002ல், ஆன்மிகத் துறையில் பங்களித்தவர்களுக்குக் கொடுக்கும் டெம்பிள்டன் பரிசு.

ஐம்பது வருஷத்துக்கு மேல் கூட வாழ்ந்த மனைவி ரூத் 2006ல் காலமானார். போல்கிங்ஹார்ன் 2021 மார்ச் 9ஆம் தேதி, தொண்ணூறு வயதில்.

சாவைப் பற்றி அவர் சொன்னது ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், அரை நிமிஷம்தான். நம் உடம்பில் இருக்கும் அணுக்கள் மாறிக்கொண்டே இருக்கின்றன. சாப்பிடுகிறோம், மூச்சு விடுகிறோம், பழையது போய்ப் புதியது வருகிறது. பள்ளிக்கூடப் போட்டோவில் இருக்கும் பிள்ளையும் இன்று இதைக் கேட்கும் நீங்களும் ஒரே ஆள்தான் என்றால், அது அணுக்களால் இல்லை, அந்த அணுக்கள் சேர்ந்திருக்கும் கோலத்தால். இறந்ததும் அந்தக் கோலம் கலைந்துபோகிறது. கடவுள் அதை மறக்கமாட்டார், புதிய படைப்பில் திரும்பப் போடுவார் என்று அவர் நம்பினார். இதை இயற்பியலால் நிரூபிக்க முடியும் என்று அவர் சொல்லவில்லை. கடவுள் வாக்கு மாறாதவர் என்பதை நம்பித்தான் சொன்னார்.

நேரம் முடிந்தது என்று சொல்லும் விளக்கு எரிகிறது. வணக்கம்.